மூளை ரத்தக்கசிவும் நிமோனியாவும்: முன்கூட்டியே கணிக்கும் மதிப்பெண் வார்டில் உதவுமா?

வார்டு_இரவுப்பணி
செவ்வாய், காலை 9.10

வணக்கம். பக்கவாத வார்டில் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். இரவுப் பணி முடித்து வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூளையில் ரத்தம் கசிந்து வருகிறவர்களில் பலர் முதல் மூன்று நாளைத் தாண்டிவிடுகிறார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது. நேற்று இரவும் அப்படித்தான். ஐந்தாம் நாள். முந்தின நாள்தான் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். இரவு 2 மணிக்குக் காய்ச்சல் 102, மூச்சு நிமிடத்துக்கு 34, ஆக்சிஜன் 86. தொண்டையில் கரகரவென்று சத்தம். ஐசியூவுக்கு மாற்றினோம். மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சிஸ்டர், தலையில்தானே பிரச்சினை, நெஞ்சுக்கு எப்படிப் போச்சு?”

எங்கள் யூனிட்டில் ஐசிஎச்-ஏபிஎஸ் என்ற மதிப்பெண்ணை அட்மிஷன் தாளிலேயே சேர்க்கலாமா என்று பேச்சு நடக்கிறது. யாருக்கு நிமோனியா வர வாய்ப்பு அதிகம் என்று முதல் நாளே சொல்லுமாம். இரவில் நானும் இன்னொருவரும் முப்பது பேரைப் பார்க்கிறோம். நர்ஸ் மேஜைக்கு எதிரே நான்கு கட்டில்தான் இருக்கிறது. அந்த நான்கில் யாரைப் போடுவது என்று இந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நரம்பியல்_பிஜி
செவ்வாய், மதியம் 1.25

சிஸ்டர், நான் நரம்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு. ஆறு மாதமாக இந்த மதிப்பெண்ணைக் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வருகிறேன்.

இது சீனாவின் தேசியப் பக்கவாதப் பதிவேட்டிலிருந்து உருவாக்கியது, 2014-இல் வந்தது. அதற்கு முன் 2012-இல் பெர்லினிலிருந்து ஏ2டிஎஸ்2 வந்திருந்தது. வயது, ஆணா பெண்ணா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பு, விழுங்குவதில் சிரமம், பாதிப்பின் கடுமை. ஐந்தே கேள்வி, மொத்தம் 10. ஆனால் அது ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்காகச் செய்தது. கசிவின் கதை வேறு. எவ்வளவு ரத்தம் கட்டியது, மூளையின் நீர் அறைகளான வென்ட்ரிக்கிளுக்குள் வழிந்ததா, சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கமா என்பதெல்லாம் அதில் இல்லை.

ஐசிஎச்-ஏபிஎஸ் இவற்றைக் கேட்கிறது. வயது, புகை, அளவுக்கு மீறிய மது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஏற்கெனவே பிறர் உதவியோடு வாழ்ந்தவரா என்பது ஒரு பக்கம். வந்தபோது ஜிசிஎஸ் (எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்ற எண், குறையக் குறைய மயக்கம் அதிகம்), என்ஐஎச்எஸ்எஸ் (பக்கவாதத்தின் கடுமையைக் காட்டும் எண்), விழுங்க முடிகிறதா என்பது இன்னொரு பக்கம். அப்புறம் ஸ்கேன். ஏ, பி என்று இரண்டு வடிவம் உண்டு. பி-யில் ரத்தக்கட்டின் கனஅளவும் சேரும். அதைக் கணக்கிட மென்பொருள் வேண்டாம். ஸ்கேனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். 5 செ.மீ., 4 செ.மீ., 3 செ.மீ. என்றால் 30 மில்லி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் வந்த ஐசிஎச் ஸ்கோர் என்று இன்னொன்று இருக்கிறது. 0 முதல் 6 வரை. அது 30 நாளில் உயிர் போகும் ஆபத்தைக் கணிப்பது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் எங்கள் வார்டிலேயே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த எண் அதிகம் என்று பார்த்ததும் மனசளவில் கைவிட்டுவிட்டால், அவர் இறந்தது நோயாலா நம் கைவிடுதலாலா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. நிமோனியா மதிப்பெண்ணை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எண் கூடக் கூட நாம் நெருங்கிப் போய் நிற்க வேண்டும்.

எண்_விரும்பி
செவ்வாய், மாலை 6.50

நான் மருத்துவன் இல்லை. மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. இந்த மாதிரி மதிப்பெண்களுக்கு ஏயூசி என்ற அளவு 0.75 பக்கம் வருகிறது என்று எழுதியிருப்பார்கள். இதை “75 சதவீதம் சரியாகச் சொல்லும்” என்று படிக்கக் கூடாது. நிமோனியா வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக எடுத்தால், 100 ஜோடியில் 75-இல் வந்தவருக்கு அதிக எண் கொடுத்திருக்கும். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலே 50 வரும்.

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 கசிவு நோயாளிகள், அவர்களில் 25 பேருக்கு நிமோனியா வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 40 பேரை “ஆபத்து” என்று காட்டுகிறது. அவர்களில் 18 பேருக்கு வருகிறது, 22 பேருக்கு வருவதில்லை. “பயமில்லை” என்ற 60 பேரில் 7 பேருக்கு வந்துவிடுகிறது. இந்தத் தரத்தில் உள்ள மதிப்பெண் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இது நல்லதா கெட்டதா என்பது, எண்ணைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டிலை மாற்றிப் போடுவது என்றால், 22 பேருக்குத் தேவையில்லாமல் செய்ததில் நஷ்டமே இல்லை. ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் அந்த 22 பேரும் வீணாக மருந்து வாங்குகிறார்கள். ஒரே எண், ஒரே நோயாளி. செய்யும் காரியத்தின் பக்கவிளைவுதான் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். பலர் மதிப்பெண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறார்கள். அது தலைகீழ்.

இன்னொன்று. சீனப் பதிவேட்டில் 20 சதவீத ஆபத்து என்று வரும் எண், உங்கள் வார்டில் 35 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். வரிசை பெரும்பாலும் மாறாது, சதவீதம் மாறும். உங்கள் வார்டின் கடைசி 200 நோயாளிகளை வைத்து ஒருமுறை சரிபார்க்காமல், வீட்டாரிடம் சதவீதம் சொல்லாதீர்கள்.

கரூர்_பையன்
செவ்வாய், இரவு 10.35

இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. தேடும்போது இந்த இழை கிடைத்தது.

என் அப்பாவுக்கு 63 வயது. பி.பி. மாத்திரையை இரண்டு மாதமாக விட்டுவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் மூளையில் ரத்தக்கசிவு, வலது பக்கம் 36 மில்லி, இடது கை கால் வரவில்லை. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் காலை கண் திறந்து “காபி” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேன்டீனிலிருந்து வாங்கி வந்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். நன்றாகத்தான் குடித்தார், இருமக்கூட இல்லை. மத்தியானமும் கொஞ்சம் கொடுத்தேன். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நான்காம் நாள் நிமோனியா என்றார்கள். வென்டிலேட்டரில் ஒன்பது நாள். இப்போது இறங்கி வார்டில் இருக்கிறார், மூக்கில் குழாய்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். நான் கொடுத்த காபியால்தானா?

விழுங்கல்_பயிற்சியாளர்
புதன், காலை 7.05

தம்பி, முதலில் உங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மதிப்பெண் பேச்சு காத்திருக்கட்டும். நான் பேச்சு மற்றும் விழுங்கும் பயிற்சி தெரபிஸ்ட். பதினெட்டு வருடம்.

அந்த இரண்டு ஸ்பூன் காபியால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காரணத்தைக் கேளுங்கள்.

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒன்றரை லிட்டர் வரைகூட எச்சில் ஊறுகிறது. விழித்திருக்கும்போது நமக்குத் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். தூக்கத்தில் அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஆரோக்கியமானவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இப்படி இறங்குகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு இருமல் வலுவாக இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த நேரத்தில் இரண்டுமே குறைந்திருந்தது. மூளையில் பெரிய அடி விழுந்ததும் உடம்பு அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டுகிறது. அது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பு அணுக்களைப் பல நாட்களுக்கு அடக்கிவைக்கிறது. 2003-இல் பெர்லினில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். பக்கவாதம் வந்த எலிக்குத் தானாகவே நிமோனியா வந்தது. அந்த ஹார்மோனின் வேலையைத் தடுத்ததும் குறைந்தது. “தலையில்தானே பிரச்சினை” என்று கேட்ட அந்த மகளுக்கும் இதுதான் பதில்.

ஆகவே காபியே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவருடைய எச்சிலே போதும். 36 மில்லி கசிவு, வந்த முதல் நாளின் மயக்கம், வயது என்று ஆபத்து ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

சரி, அதற்காகக் காபி கொடுத்தது பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், பொய் சொன்னதாகிவிடும். சோதிக்காமல் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆனால் அதை உங்களிடம் சொல்ல வேண்டியது அந்த வார்டின் கடமை. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், கசிவு நோயாளிக்கு வாய்வழி எதையும் தொடங்கும் முன் விழுங்கும் சோதனை செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. காபி என்று கேட்ட அப்பாவுக்கு மகன் காபி கொடுப்பது பாசம்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது “இருமக்கூட இல்லை” என்ற இடம். நம்மூரில் புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். புரை ஏறுவது நல்ல அடையாளம். தொண்டை காவல் காக்கிறது என்று அர்த்தம். மூளை பாதித்தவர்களில் பலருக்கு அந்தக் காவல் தூங்கிவிடும். தண்ணீர் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும், சத்தமே வராது. முகத்தைப் பார்த்தால் நன்றாகக் குடிப்பது போலவே இருக்கும். பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன் என்று பெற்ற பிள்ளை சொல்வது உண்மைதான், ஆனால் பார்த்தால் தெரியாது.

நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், முதலில் 15 நிமிடமாவது விழித்திருக்கிறாரா, கேட்டால் இருமிக் காட்டுகிறாரா, சொந்த எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்போம். இதில் தவறினால் அங்கேயே நிறுத்திவிடுவோம். 2007-இல் ஆஸ்திரியாவில் உருவான கஸ் என்ற சோதனையில் முதலில் கூழ் பதத்தில் கொடுத்துப் பார்த்து, பிறகுதான் தண்ணீர், கடைசியில் ரொட்டி. தண்ணீர்தான் லேசானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலவீனமான தொண்டைக்கு வேகமாக ஓடும் தண்ணீர்தான் கஷ்டம். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் விரலைத் தொண்டைமேல் வைத்து, குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பிறகு “ஆ” என்று சொல்லச் சொல்வேன். குரலில் ஈரம் கேட்டால், கொப்புளம் உடைவது போல ஒரு சின்னச் சத்தம் கலந்திருந்தால், அத்தோடு சரி.

ஃபார்மசி_கவுண்டர்
புதன், காலை 10.20

ஒரு சந்தேகம். மதிப்பெண் அதிகமாக வருபவர்களுக்கு முதல் நாளே ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிட்டால் நிமோனியாவே வராது இல்லையா? பல இடங்களில் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஐசியூ_பணியில்
புதன், மதியம் 3.40

நியாயமான கேள்வி, ஏனென்றால் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

2015-இல் நெதர்லாந்தின் பாஸ் ஆய்வு. 2,500-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகள். பாதிப்பேருக்கு செஃப்ட்ரையாக்சோன் நான்கு நாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் வித்தியாசம் இல்லை. சிறுநீர்த் தொற்றுதான் குறைந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் பிரிட்டனின் 48 பக்கவாதப் பிரிவுகள் சேர்ந்து, விழுங்கச் சிரமப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தன. அதாவது ஆபத்து அதிகமானவர்களாகவே தேர்ந்தெடுத்து. அங்கேயும் நிமோனியா குறையவில்லை. 2024-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆன்டிபயாட்டிக், வாந்தித் தடுப்பு மருந்து, பாராசிட்டமால் மூன்றையும் சோதித்தார்கள். அதிலும் பயன் தெரியவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுவது நேர்மை. 2024-இல் வந்த பிரான்ஸ் ஆய்வில், மூளை பாதித்து மயக்கத்தில் வென்டிலேட்டரில் போடப்பட்டவர்களுக்கு, குழாய் போட்ட 12 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் கொடுத்தார்கள். முதல் வார நிமோனியா 32 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது. ஆனால் கவனியுங்கள்: வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, ஒரே ஒரு டோஸ். வார்டில் தானாக மூச்சு விடுகிறவருக்கு ஏழு நாள் கோர்ஸ் எழுத இது அனுமதி ஆகாது. நம் ஐசியூக்களில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமிகள் பெரிய பெரிய மருந்துகளுக்கே அசையாமல் நிற்கின்றன. தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு கோர்ஸும் அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் குழி தோண்டுகிறது.

அப்புறம் அமில மாத்திரை. பான்டோப்பிரசோலை யார் எழுதினார்கள் என்றே தெரியாமல் எல்லா மருந்துச் சீட்டிலும் இருக்கும். வயிற்றில் அமிலம் குறைந்தால் அங்கே கிருமி வளரும். அது மேலேறி வந்தால் நெஞ்சுக்குள் போகும். வென்டிலேட்டர், ரத்தம் உறையாமை போன்ற உண்மையான காரணம் இல்லாவிட்டால் நிறுத்துங்கள்.

தரவுத்தளம்
புதன், இரவு 9.15

நான் மென்பொருள் துறை. ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இதற்கு மெஷின் லேர்னிங் மாடல் செய்கிறோம். ஐசிஎச்-ஏபிஎஸ்-இல் பத்துப் பதினொரு மாறிகள்தானே. எங்களிடம் எண்பதுக்கு மேல் இருக்கிறது: எல்லா ரத்தப் பரிசோதனை, மருந்து, குழாய், சக்ஷன் (கருவியால் சளியை உறிஞ்சி எடுப்பது) எத்தனை முறை என்பது உட்பட. ஏயூசி 0.93 வருகிறது. கையால் கூட்டும் மதிப்பெண்ணைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?

எண்_விரும்பி
புதன், இரவு 10.05

0.93 என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வருகிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் எதிரே, அது எந்த மணி நேரத்தில் பதிவானது என்று எழுதுங்கள். சக்ஷன் எத்தனை முறை என்பது சளி வந்த பிறகுதானே கூடும்? மூன்றாம் நாள் சிஆர்பி (உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), மாற்றி எழுதிய ஆன்டிபயாட்டிக் எல்லாம் நிமோனியா தொடங்கிய பிறகு வந்தவையாக இருந்தால், உங்கள் மாடல் கணிக்கவில்லை, நடந்ததைப் படித்துச் சொல்கிறது. முதல் 24 மணி நேரத்தில் கிடைப்பவற்றை மட்டும் வைத்து மறுபடி ஓட்டுங்கள். எண் இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மை. அப்புறம் வேறொரு ஊர் மருத்துவமனையின் தரவில் ஓட்டுங்கள்.

நரம்பியல்_பிஜி
புதன், இரவு 11.30

எண்_விரும்பி சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தரவில் “நிமோனியா ஆம்/இல்லை” என்று யார் எழுதியது? சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வந்தால்தான் மருத்துவமனைத் தொற்று என்பது பொது இலக்கணம். பக்கவாதத்துக்கு 2015-இல் ஒரு நிபுணர் குழு தனி வரையறை தந்தது: வென்டிலேட்டர் இல்லாதவர், முதல் ஏழு நாள். நம் கேஸ் ஷீட்களில் காய்ச்சலும் எக்ஸ்ரேயில் ஒரு நிழலும் இருந்தால் நிமோனியா என்று எழுதிவிடுகிறோம். கசிவு வென்ட்ரிக்கிளுக்குள் போனால், தொற்றே இல்லாமல் மூளையாலேயே காய்ச்சல் வரும். அதையும் நிமோனியா என்று எழுதியிருந்தால், வென்ட்ரிக்கிள் ரத்தம் நிமோனியாவைக் கணிக்கிறது என்று மாடல் கற்றுக்கொள்ளும். ஓரளவு அது நம் தவறையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது.

விழுங்கும் சோதனைக் கட்டம் இன்னும் சிக்கல். மயக்கத்தில் இருப்பவருக்குச் சோதனையே செய்ய முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலி என்றால் “சிரமம் இல்லை” என்று கணினி எடுத்துக்கொண்டால், ஆபத்து மிகுந்தவர்தான் ஆபத்தில்லாதவர் ஆகிவிடுவார். நான் பென்சிலால் எழுதும்போதே இந்தத் தப்பை இரண்டு முறை செய்தேன்.

தரவுத்தளம்
வியாழன், காலை 8.40

இரவே பார்த்தேன். சக்ஷனும் ஆன்டிபயாட்டிக்கும்தான் முதல் இரண்டு இடத்தில் இருந்தன. 24 மணி நேரத்துக்குள் வெட்டினால் 0.78. காலிக் கட்டங்களை “இல்லை” என்றுதான் நிரப்பியிருந்தோம். திருத்துகிறேன். நன்றி.

லண்டன்_செவிலி
வியாழன், மாலை 5.15

நான் லண்டனில் பக்கவாதப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இங்கே கசிவு, அடைப்பு இரண்டுக்கும் பொருந்தும்படி ஐசான் என்ற மதிப்பெண் 2015-இல் வந்தது. முன்பு தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தாரா, ஆணா பெண்ணா, வயது, என்ஐஎச்எஸ்எஸ். நான்கே விஷயம், ஸ்கேன்கூடத் தேவையில்லை. ஆனால் எங்கள் வார்டில் நாங்கள் அதைப் பார்த்து எதையும் தொடங்குவதில்லை. எல்லோருக்கும் எல்லாம் செய்கிறோம். வந்த 4 மணி நேரத்துக்குள் விழுங்கும் சோதனை நடந்ததா என்று தேசியத் தணிக்கை கேட்கும். தெரபிஸ்ட் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். தாமதம் கூடக் கூட நிமோனியாவும் கூடுவதை இங்கே தரவுகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. புது மருந்து இல்லை, கருவி இல்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் முதல் மூன்று நாள் நர்ஸுகள் ஒழுங்காகப் பார்த்தார்கள். 90 நாளில் இறந்தவர்கள் அல்லது பிறரை நம்பி வாழ்பவர்கள் 58 சதவீதத்திலிருந்து 42 ஆனது. மதிப்பெண் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பதைவிட முப்பது பேருக்கும் இதைச் செய்யுங்களேன் அக்கா.

வார்டு_இரவுப்பணி
வெள்ளி, காலை 9.45

லண்டன் தங்கச்சிக்கு: முப்பது பேருக்கும் செய்யத்தான் எனக்கும் ஆசை. இரவில் இரண்டு பேர். ஒருவருக்கு வாய் சுத்தம் செய்ய எனக்கு எட்டு நிமிடம் ஆகிறது. முப்பது பேருக்கு நான்கு மணி நேரம். அதற்குள் மருந்து, பி.பி., புரட்டிப் படுக்க வைப்பது, புது அட்மிஷன்.

அந்த எட்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வாய் திறந்தே தூங்குகிறவர்களுக்கு மேலண்ணத்தில் எச்சிலும் சளியும் காய்ந்து பழுப்பு நிறத்தில் ஏடு கட்டியிருக்கும், பால் ஏடு மாதிரி. பஞ்சால் துடைத்தால் போகாது. ஈரத்துணியை இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் வரும், உரிந்த துண்டு தொண்டைக்குள் விழும். பிறகு குழந்தைகள் பிரஷ்ஷில் பல், ஈறு, நாக்கு. பக்கத்தில் சக்ஷன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாதம் வந்த பக்கத்துக் கன்னத்துக்குள் விரல் விட்டால் முந்தாநாள் கொடுத்த மாத்திரை கரையாமல் கிடக்கும். மூக்குக் குழாயில் சாப்பிடுகிறவர்களுக்கு வாய் சுத்தம் எதற்கு என்று வீட்டார் கேட்கிறார்கள். குழாயில் சாப்பிடுகிறவர் வாய்தான் மிக அசுத்தமாக இருக்கும், மெல்லுவதே இல்லையே.

விழுங்கல்_பயிற்சியாளர்
வெள்ளி, காலை 11.20

சிஸ்டர் சொன்னதைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்கிறேன். 1998-இல் அமெரிக்காவில் முதியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றில், யாருக்கு நிமோனியா வரும் என்று காட்டியவற்றில் முன்னால் நின்றவை என்ன தெரியுமா? பிறர் ஊட்டிச் சாப்பிடுவது, பிறர் பல் தேய்த்துவிடுவது, சொத்தைப் பல்லின் எண்ணிக்கை. விழுங்கும் சிரமம் முக்கியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. புரையேறுவதில் என்ன கிருமி போகிறது என்பது வாயைப் பொறுத்தது. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த கட்டுரை, பல் தேய்ப்பது மருத்துவமனை நிமோனியாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்றது. ஒரு பிரஷ்ஷின் விலை உங்களுக்கே தெரியும்.

வார்டு_இரவுப்பணி
வெள்ளி, மதியம் 12.10

அப்படியென்றால் இப்படி யோசிக்கிறேன், தப்பென்றால் சொல்லுங்கள். வாய் சுத்தம், தலைப்பக்கத்தை உயர்த்துவது, “சோதனை முடியும் வரை வாயில் எதுவும் வேண்டாம்” என்ற பலகை மூன்றும் முப்பது பேருக்கும். மதிப்பெண் கேட்டெல்லாம் இல்லை. பகலில் வீட்டாருக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். மகனும் மகளும் ஏதாவது செய்ய மாட்டோமா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வேலை கிடைக்கும். மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்க வேண்டியது என் இரவு நேரத்தை மட்டும். நான்கு கட்டில், இரவு 12-க்கும் 3-க்கும் இரண்டாம் முறை போய் மூச்சை எண்ணுவது, தெரபிஸ்ட் முதலில் யாரைப் பார்ப்பது.

நரம்பியல்_பிஜி
வெள்ளி, மதியம் 2.00

தப்பே இல்லை சிஸ்டர். ஒன்று மட்டும். அட்மிஷனில் போட்ட எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். கசிவு முதல் சில மணி நேரத்தில் பெரிதாகலாம். 14 ஜிசிஎஸ்ஸோடு வந்தவர் மறுநாள் காலை 10-இல் இருப்பார், தாளில் பழைய எண்ணே இருக்கும். 24 மணி நேரத்தில் மறுபடி போடுங்கள். தூக்க மருந்து கொடுத்த இரவிலும் மறுபடி பாருங்கள்.

தலைப்பக்கம் உயர்த்துவதைப் பற்றி: 2017-இல் வந்த ஆய்வில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் மட்டமாகப் படுக்க வைப்பதையும் நிமிர்த்தி வைப்பதையும் ஒப்பிட்டார்கள். நிமோனியா 3.1, 3.4 சதவீதம், வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் லேசான பாதிப்பு, கசிவு நோயாளிகள் கொஞ்சம் பேர்தான். குழாயில் உணவு போகும்போது 30 டிகிரிக்குக் குறையாமல் வைப்பதை நான் விட மாட்டேன்.

கரூர்_பையன்
ஞாயிறு, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. விழுங்கல் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான்கு நாளாக அம்மா என்னிடம் காபியைப் பற்றிக் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. வாசித்தபோதுதான் அவருக்குத் தெரியும் என்று தெரிந்தது.

நேற்றிலிருந்து நானே பல் தேய்த்துவிடுகிறேன். முதலில் வாயை இறுக்கிக்கொண்டார். இன்று காலை பிரஷ்ஷைப் பார்த்ததும் தானாகத் திறந்தார். புதன்கிழமை விழுங்கும் சோதனைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ராகிக் கஞ்சி கெட்டியாகக் காய்ச்சி ஒரு வாய் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கூழ் பதம்தானே முதலில் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

விழுங்கல்_பயிற்சியாளர்
ஞாயிறு, மாலை 5.50

புதன் வரை பொறுங்கள் தம்பி. கூழ் பதம் முதலில் என்றது சோதனையில், பக்கத்தில் சக்ஷனோடு ஆள் நிற்கும்போது. ஒன்பது நாள் வென்டிலேட்டர் குழாய் இருந்த தொண்டை, வெளியே தெரியாமல் மரத்துப்போயிருக்கும். அதுவரை கஞ்சி, நன்றாக வடிகட்டி, குழாய் வழியாகவே போகட்டும். கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் சாய்த்தே வைத்திருங்கள்.

புதன்கிழமை போகும்போது அவர் வீட்டில் தினமும் குடிக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற பழக்கம் உள்ளவரா என்று தெரபிஸ்ட்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். இனிமேல் அவர் வாய் வைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தித்தான் குடிக்க வேண்டியிருக்கும். நம் ஆட்களுக்கு இதைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது. எச்சில் படுமே என்று கூச்சப்படுவார். அவருக்கென்று தனி டம்ளர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.